கீழவெளி வீதி மாதா கோயில்

மதுரை கீழவெளி வீதியில் உள்ள தூய மரியன்னை பேராலயம் வியாகுல மாதாவின் பெயரால் அமைந்த கோயில். மதுரை உயர்மறைமாவட்டத்தின் தலைமைக் கோயிலும் இதுவே. இயேசு சபைக் குருவான கார்னியே 1840-41 காலத்தில் இங்கே முதல் கோயிலை எழுப்பினார். இப்போது நிற்கும் இரட்டைக் கோபுரக் கட்டடம் 1916-ஐச் சேர்ந்தது. 1938-ல் மதுரை தனி மறைமாவட்டம் ஆனபோது இது ஆயரின் கோயிலாயிற்று. விருதுநகர் மாவட்டமும் இந்த உயர்மறைமாவட்டத்துக்குள் அடங்கும். அதனால் காரியாபட்டி வட்டாரத்து மல்லாங்கிணற்றுக்காரர்களுக்கு இது வேற்றூர்க் கோயிலாகத் தோன்றியதில்லை. பெரியாஸ்பத்திரி, மீனாட்சி கோயில், விளக்குத்தூண் ஜவுளிக் கடைகள் என்று மதுரையில் அவர்கள் போய்த் தீரவேண்டிய இடங்களின் வரிசையில் மாதா கோயிலும் இருந்தது. மதம் பார்த்து அந்த வரிசையை யாரும் வகுக்கவில்லை.

மல்லாங்கிணற்றிலிருந்து காரியாபட்டி வந்து, அருப்புக்கோட்டைச் சாலையைப் பிடித்தால் அவனியாபுரம், வில்லாபுரம் தாண்டித் தெற்குவாசல் வரும். வானம் பார்த்த கரிசல் காடு முடிந்து வீடுகள் நெருங்கத் தொடங்கும் வழி இது. தெற்குவாசல், கீழவாசல் என்ற பெயர்களைத் தினமும் உச்சரிப்பவர்கள் அங்கே வாசல் எதையும் காண்பதில்லை. நாயக்கர் காலக் கோட்டைக்கு இருந்த வாசல்கள் அவை. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் எழுப்பிய அந்தக் கோட்டைக்கு எழுபத்திரண்டு கொத்தளங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரரின் பொறுப்பில் இருந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கோட்டைக்குள் மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள் அடங்கியிருந்தன. ஐந்தாவது சதுரமான வெளி வீதிகள் அந்தப் பழைய அமைப்பைச் சேர்ந்தவை அல்ல. 1830களிலும் 1840களிலும் மதுரைக் கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன், மக்கள் பெருகி மூச்சுமுட்டிக் கிடந்த நகரத்தைத் திறந்துவிட எண்ணிக் கோட்டைச் சுவரை இடிக்கச் செய்தார். சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கே அந்த நிலத்தில் இடம் கிடைத்தது. அப்படிப் பிறந்தவைதான் நான்கு வெளி வீதிகளும். அந்த வேலையில் பிளாக்பர்னுக்குத் துணையாக இருந்தவர்களின் பெயர்களைப் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றும் தாங்குகின்றன. பிளாக்பர்னின் நினைவாக நட்ட விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளின் நடுவே நிற்கிறது. மேலவாசல் பக்கம், பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே, கொத்தளத்தின் ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது.

மாதா கோயிலின் பிறப்பை இந்தச் சுவர் இடிப்போடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கார்னியேயின் கோயில் எழுந்த ஆண்டுகளும் வெளி வீதி உருவான ஆண்டுகளும் ஒன்றே. சுவர் நின்றிருந்தால் அந்த இடத்தில் ஒரு தெருவே இருந்திருக்காது. கோயிலுக்கு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் நகரத்துக்கு வெளியே, கிராமங்களில் இருந்தார்கள். நகரம் வெளிப்புறம் நோக்கித் திறந்த விளிம்பில் அவர்களின் கோயில் அமைந்தது பொருத்தமானது. மதுரையின் பெயரைத் தாங்கிய கத்தோலிக்க மிஷனின் வரலாறு முழுவதும் இப்படித்தான் இருக்கிறது. பெயர் நகரத்தினுடையது; உயிர் சுற்றியிருந்த கரிசலிலும் செம்மண்ணிலும் கண்மாய்க் கரைகளிலும் இருந்தது.

அந்த வரலாறு பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. முத்துக்குளித்துறைப் பரதவர்களில் சிலர் வியாபாரத்துக்காக மதுரையில் தங்கினார்கள். அவர்களுக்காக கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியக் குரு வந்து ஒரு சிறு கோயிலும் பள்ளியும் நடத்தினார். பல ஆண்டுகள் உழைத்தும், ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்த பரதவர்களுக்கு அப்பால் மதுரைக்காரர்கள் எவரும் அவரிடம் வரவில்லை. ஐரோப்பியரைப் 'பறங்கி' என்று நகரத்தார் விலக்கி வைத்திருந்தார்கள். பறங்கியின் உணவும் உடையும் பழக்கங்களும் அவருடைய மதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

1606 நவம்பரில் இத்தாலியரான ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. நிலைமையை அவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டார். பெர்னாண்டஸின் வீட்டிலிருந்து பிரிந்து தனியே ஒரு குடிலில் தங்கினார். காவி உடுத்தினார், மரப்பாதுகை அணிந்தார், நாளுக்கு ஒரு வேளை மரக்கறி உணவோடு நின்றார். தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் பயின்றார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, வருகிறவர்களோடு கடவுளையும் ஆன்மாவையும் மறுபிறப்பையும் பற்றி மணிக்கணக்காக வாதிட்டார். 'ஞானோபதேசம்', 'ஆத்தும நிருணயம்' போன்ற அவருடைய நூல்கள் தமிழ் உரைநடையின் தொடக்கக் காலத்தவை. பழைய நகரத் தெருக்களில் நடக்கும் எவருக்கும் இந்த மனிதரின் துணிவு வியப்பளிக்க வேண்டும். அவருடைய முறையை உடனிருந்த பெர்னாண்டஸே எதிர்த்து மேலிடத்துக்கு எழுதினார். வழக்கு கோவாவுக்கும் ரோமாபுரிக்கும் போய்ப் பல ஆண்டுகள் நீடித்தது. 1623 ஜனவரி 31 அன்று பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் முதலியவற்றைக் கிறிஸ்தவர்களும் கைக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்.

நோபிலியின் வழிக்கு ஒரு பெரும் குறையும் உண்டு. உயர்சாதியாரிடம் போகிற குரு மற்றவர்களோடு பழக முடியாது. அவர்களுக்குத் தனிக் குருக்கள் வேண்டியிருந்தது. சாதியின் வேலி அப்படியே கோயிலுக்குள்ளும் வந்தது. பின்னாளில் தமிழகத் திருச்சபை எத்தனையோ சண்டைகளிலும் கண்ணீரிலும் இதற்கு விலை கொடுத்தது, இன்னும் கொடுத்துவருகிறது. நோபிலியைப் புகழும்போது இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

நகரத்துக்குள் நோபிலி சேர்த்த கூட்டம் சிறியது. அடுத்த நூறாண்டில் மிஷன் வளர்ந்தது கிராமங்களில்தான். அருளானந்தர் என்று தமிழர் அழைத்த ஜான் தெ பிரிட்டோ மறவர் நாட்டில் அலைந்து திரிந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். ஓரியூர் மண் சிவந்திருப்பது அவர் சிந்திய குருதியால் என்று நம்பி இன்றும் மக்கள் அதை அள்ளிச் செல்கிறார்கள். எட்டயபுரம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா கோயில் வளர்ந்தது. அருளானந்தர், வீரமாமுனிவர் இருவரின் நினைவும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குக் கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு சனம் போகும். சாதி, மதம் பார்க்காமல் நேர்ந்துகொள்வதும், ஆட்டுக்கிடாயைக் கொண்டுபோய் அங்கேயே சமைத்துப் பகிர்வதும், மொட்டை போடுவதும் கரிசல் மக்கள் எல்லாத் தெய்வங்களிடமும் காட்டும் உரிமைதான். அந்த உரிமையோடுதான் அவர்கள் மதுரை மாதா கோயிலுக்கும் வந்தார்கள்.

1773-ல் பாப்பரசர் இயேசு சபையைக் கலைத்தார். மதுரை மிஷன் கவனிப்பாரற்றுச் சிதறியது. கிறிஸ்தவக் கிராமங்கள் பல, குருவின் முகத்தையே காணாமல், உபதேசியார் சொல்லிக்கொடுத்த செபங்களைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளின. அந்த உபதேசியார்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவில்லை. சபை 1814-ல் மறுபடி உயிர்பெற்றது. 1838-ல் பெர்த்ராண்டின் தலைமையில் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் சிலர் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். கார்னியே அவர்களில் ஒருவர். வந்தவர்களுக்கு இரண்டு எதிரிகள் காத்திருந்தன. ஒன்று காலரா, முதல் பத்தாண்டிலேயே இளங்குருக்கள் பலரை அது கொண்டுபோனது. மற்றொன்று உள்ளூர்த் தகராறு. கோவாவின் அதிகாரத்துக்கு உட்பட்ட குருக்கள் பழைய கோயில்களை விட்டுத்தர மறுத்தார்கள். பல ஊர்களில் மக்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். இந்தச் சூழலில் புது மிஷன் தனக்கென்று புதுக் கோயில்களைக் கட்ட வேண்டியிருந்தது. கீழவெளி வீதிக் கோயில் அப்படி எழுந்தது.

கார்னியேயின் கோயில் எளிமையானது. முக்கால் நூற்றாண்டுக்குப் பின் அந்த இடத்தில் எழுந்த 1916-ஆம் ஆண்டுக் கட்டடம் ஐரோப்பியக் கோத்திக் முறையைத் தழுவியது. தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுபவை வாசலின் இரு புறமும் உயரும் கோபுரங்கள். மீனாட்சி கோயிலின் கோபுரங்கள் அகன்று தொடங்கிப் படிப்படியாகக் குறுகி, சுதைச் சிற்பங்களால் நிறைந்து மேலே போகின்றன. மாதா கோயிலின் கோபுரங்கள் வெறுமையான முகத்தோடு நேராக மேலே எழுகின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிற கிராமத்தான் இரண்டையும் கோபுரம் என்றே சொல்கிறான், சரியாகவே சொல்கிறான்: தூரத்திலிருந்து வருகிறவனுக்கு வழிகாட்டுவதே இரண்டின் வேலையும்.

உள்ளே நுழைந்ததும் உயரம் உணரப்படுகிறது. கோத்திக் கட்டடத்தின் சூட்சுமம் கூர்நுனி வளைவில் இருக்கிறது. அரைவட்ட வளைவு தன் மேலுள்ள பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடிப்பாக இருக்க வேண்டும். நுனி கூர்ந்த வளைவு பாரத்தைப் பெரும்பாலும் செங்குத்தாகக் கீழே, தூண்களுக்குள் இறக்குகிறது. அதனால் தூண்கள் மெலிந்து உயரமாக நிற்க முடிகிறது, சுவரில் பெரிய சாளரங்களுக்கு இடம் கிடைக்கிறது. மதுரையின் மே மாத வெயிலில் இந்த உயரத்துக்கு ஒரு உள்ளூர்ப் பயனும் உண்டு. சூடான காற்று மேலே ஏறிவிடுகிறது; தரையில் உட்கார்ந்தவருக்கு ஓரளவு குளுமை மிஞ்சுகிறது. பட்டணத்துக்கு வந்து அலைந்து களைத்த கிராமத்துக் குடும்பங்கள் மத்தியான நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருந்ததற்குப் பக்தி மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

எழுபதுகளில் மல்லாங்கிணற்றிலிருந்து அம்மாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பையனின் நினைவில் இந்தக் கோயில் பெரும்பாலும் தரையாகவும் மெழுகின் வாசனையாகவுமே தங்கியிருக்கிறது. அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். பெரியாஸ்பத்திரியில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண், பட்டாசு வேலைக்குப் போன இடத்தில் மருந்து பற்றி வெந்துபோனவள். சிவகாசிப் பக்கத்து வெடிவிபத்துகளில் உடல் கருகியவர்களை மதுரைக்குக் கொண்டுவருவது அந்தக் காலத்திலும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் அம்மாச்சி வைகைக்கு இந்தக் கரைக்கு வந்து வழி விசாரித்தாள். "செருப்பக் கழட்டுய்யா, நம்ம அம்மன் கோயில் மாதிரிதான் இதுவும்" என்றாள். வாசலில் வாங்கிய மெழுகுவர்த்தியை மாதா சுரூபத்துக்கு முன்னால் ஏற்றினாள். எப்படிக் கும்பிடுவது என்று அவளுக்கு ஐயம் இருக்கவில்லை. தலைக்கு மேல் கைகளைக் கூப்பி, பேர் சொல்லி, காட்டில் நின்று பக்கத்துப் புஞ்சைக்காரியைக் கூப்பிடுவது போல் சத்தமாகவே வேண்டினாள். பெஞ்சில் இருந்த ஒரு கிறிஸ்தவப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் செபமாலையைத் தொடர்ந்தாள். யாரும் அம்மாச்சியைத் தடுக்கவில்லை.

அந்தச் சுரூபம் எதைச் சொல்கிறது என்று பையனுக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. வியாகுலம் என்பது ஆறாத் துயரம். கத்தோலிக்க மரபு மரியாளுக்கு ஏழு வியாகுலங்களைச் சொல்கிறது. குழந்தையைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்தபோது சிமியோன் கிழவர் உன் நெஞ்சையும் ஒரு வாள் ஊடுருவும் என்று உரைத்தது முதலாவது. ஏரோதுக்குப் பயந்து கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடியது, பன்னிரண்டு வயது மகனைத் திருவிழாக் கூட்டத்தில் மூன்று நாள் தொலைத்தது, சிலுவை சுமந்து போகும் மகனை வழியில் சந்தித்தது, அவன் சாவதைக் கீழே நின்று பார்த்தது, இறக்கிய உடலை மடியில் ஏந்தியது, கல்லறையில் வைத்தது என்று மற்றவை தொடரும். வாள் ஊடுருவிய இருதயத்தோடு வியாகுல மாதாவைச் சித்திரிப்பது இதனால்தான். ஏழில் எதுவும் தேவலோக அனுபவம் அல்ல. பிள்ளையோடு ஊரைவிட்டு ஓடுவதும், சந்தைக்கூட்டத்தில் பிள்ளையைத் தேடுவதும், செத்த பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வதும் மழை பொய்த்த பூமியின் தாய்மார்களுக்குத் தெரிந்தவை. தாது வருஷப் பஞ்சம் முதல் பட்டாசு விபத்துகள் வரை கண்ட வட்டாரத்தில் இந்த மாதாவுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. அம்மாச்சி ஏழு வியாகுலங்களைக் கேள்விப்பட்டவள் அல்லள். முகத்தைப் பார்த்தே அவளுக்கு விளங்கியது.

வியாகுல மாதாவின் திருநாள் செப்டம்பர் 15. அதற்கு முந்தைய நாள் சிலுவையின் மகிமைத் திருநாள். கொடியேற்றம், நவநாள், பூசை, மாதாவைச் சப்பரத்தில் வைத்துப் பவனி என்று தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாவுக்கு உரிய எல்லாம் மாதா கோயில் விழாக்களிலும் உண்டு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை நடக்கும். சுவரோரம் பதினான்கு நிலைகளைக் காட்டும் படங்களுக்கு முன் கூட்டம் நின்று நின்று, முழங்காலிட்டு நகரும். படிக்கத் தெரியாதவர்களும் கதையை முழுதாக அறிந்துகொள்ளும் ஏற்பாடு அது. பெரிய வெள்ளியன்று மணி அடிப்பதில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று குடும்பங்கள் கல்லறைத் தோட்டங்களில் கூடிப் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கும்.

இந்த வழிபாட்டின் மொழி இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மாறியது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு பூசை இலத்தீனில் நடந்தது. குரு மக்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தை நோக்கி நின்று செய்வார். மக்கள் தமிழ்ச் செபங்களைத் தனியே முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். சங்கத்துக்குப் பின் குரு மக்களை நோக்கித் திரும்பினார், பூசை முழுவதும் தமிழுக்கு வந்தது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே நகரத்தில் தமிழில் வாதிட்ட நோபிலியின் கோயிலும் பூசையில் இலத்தீனே பேசியது என்பதை நினைத்தால் மாற்றத்தின் அளவு புரியும். எழுபதுகளில் வந்த பையனின் காதில் விழுந்தது தமிழ்ப் பாட்டுதான். ஒரு தலைமுறைக்கு முன் அவன் வந்திருந்தால் குரு சொல்லும் பூசையின் மொழி அவனுக்குப் புரிந்திருக்காது.

நிர்வாகத்தில் மதுரை நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1938 ஜனவரி 8 அன்று மதுரை தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. இயேசு சபையைச் சேர்ந்த ஜான் பீட்டர் லியோனார்டு முதல் ஆயர். 1953 செப்டம்பர் 19 அன்று அது உயர்மறைமாவட்டமாக உயர, அவரே முதல் பேராயரும் ஆனார். 1967 முதல் ஜஸ்டின் திரவியம் பேராயராக இருந்தார். வத்திக்கான் சங்கத்தின் மாற்றங்கள் ஊர் ஊராக வேரூன்றிய காலம் பெரும்பாலும் அவருடையது. 1973-ல் பாளையங்கோட்டையும் 1987-ல் சிவகங்கையும் மதுரையிலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டங்கள் ஆயின. ஓரியூர் இதனால் சிவகங்கைக்குப் போயிற்று. காமநாயக்கன்பட்டி பாளையங்கோட்டையின் பக்கம் சேர்ந்தது. விருதுநகர் வட்டாரம் மதுரையோடு நின்றது.

பழைய நகரத்தின் இந்த மூலையைக் காண வருபவர்கள் மாதா கோயிலைத் தனியாகப் பார்த்துவிட்டுத் திரும்புவது நஷ்டம். சிறிது தூரம் நடந்தால் திருமலை நாயக்கர் மஹால், 1636-ல் கட்டியது. நோபிலி மதுரையில் வாழ்ந்த ஆண்டுகளின் பிற்பகுதி திருமலை நாயக்கரின் ஆட்சியில் கழிந்தது. இரண்டு கட்டடங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் ஒரே கதையின் இரு முனைகளைப் பார்க்கிறார். மஹாலைச் சுற்றிய தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்களும் எங்கிருந்தோ வந்து மதுரையின் மொழியைத் தங்களுடையதோடு சேர்த்துக்கொண்டவர்கள். பூசை நேரத்தில் கோயிலுக்குள் சுற்றிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் தகாது. மற்ற நேரங்களில் செருப்பைக் கழற்றிவிட்டு எவரும் உள்ளே போகலாம், உட்காரலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம். வரலாற்றைத் தோண்டிப் பார்க்க விரும்புபவர்கள் கொடைக்கானல் அருகே செண்பகனூர் வரை போக வேண்டும். 1895-ல் இயேசு சபையார் அங்கே அமைத்த நிலையத்தின் ஆவணக்காப்பகத்தில் மதுரை மிஷனின் பழைய கடிதங்களும் குறிப்புகளும் பாதுகாக்கப்படுகின்றன. பஞ்சம், காலரா, பாளையக்காரர் சண்டை, கிராமத்துச் சாதித் தகராறு என்று நூற்றாண்டுகளின் அன்றாடம் அந்தக் காகிதங்களில் இருக்கிறது. தமிழில் அவற்றில் மிகக் குறைவே வந்துள்ளது. கரிசல் ஊர்களின் வரலாற்றை எழுத முனைபவர்கள் அங்கே ஒருமுறை போய்வருவது அவசியம்.